ஒட்டகம் தின்று வைத்த பெயர்கள்: பாலைச் செடிகளின் அரபுப் பெயர்களைப் பிரித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

வளைகுடாவுக்கு வந்த முதல் இரண்டு வருடம் எனக்குப் பாலைவனம் என்றால் ஏர்போர்ட் போகும் வழியில் கார் கண்ணாடிக்கு வெளியே தெரியும் மணல், அவ்வளவுதான். மூன்றாவது குளிர்காலத்தில் நல்ல மழை பெய்தது. சில நாள் கழித்து அமீரகத்தின் அல் அய்ன் பக்கம் போனால் தரையெல்லாம் பச்சை. கூட வந்த எமிராத்திப் பெரியவர் நடந்துகொண்டே ஒவ்வொரு செடிக்கும் பெயர் சொன்னார். நான் தமிழில் மடமடவென்று எழுதிக்கொண்டேன். அறைக்கு வந்து அகராதியைத் திறந்தால் பத்துப் பெயரில் இரண்டு கூடக் கிடைக்கவில்லை.

அகராதி மேல் தப்பில்லை. எழுதிய விதம்தான் தப்பு. அரபி தெரியாமல், செடிகள் மேல் ஆசை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குகிறவர்களுக்காக, நான் தடுக்கி விழுந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: எந்த எழுத்து என்று கேளுங்கள்

"அல்ஹம்துலில்லாஹ்" என்பதில் வரும் ஹம்து என்றால் புகழ். ஒட்டகம் விரும்பித் தின்னும் உப்புச் செடிகளுக்குப் பொதுப்பெயரும் கிட்டத்தட்ட அப்படியேதான் காதில் விழும். ஆனால் கடைசி எழுத்து வேறு. முதலாவதில் சாதாரண த், இரண்டாவதில் நாக்கை அழுத்திச் சொல்லும் கனமான எழுத்து. நான் இரண்டையும் ஹம்த் என்றே எழுதி வைத்திருந்தேன். புகழைத் தின்னும் ஒட்டகத்தை எந்த அகராதியில் தேடுவது?

தமிழ் முஸ்லிம்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். ரமளான், ளுஹர் என்று எழுதும்போது அந்தக் கனமான ஒலிகளுக்கு ள போடுகிறார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். உப்புச் செடி எனக்கு இப்போது ஹம்ள்.

அடுத்த தொல்லை சொல்லின் முதலெழுத்து. அர்ஃபஜ், அர்தா இரண்டும் பாலைப் புதர்கள். தமிழில் இரண்டும் அ-வில் தொடங்கும். அரபியில் முன்னது ஐன், பின்னது அலிஃப். அகராதியில் இரண்டுக்கும் நடுவே பல நூறு பக்கம் இருக்கும். அதனால் பெயர் சொன்னவரிடமே போனை நீட்டி, அரபியில் தட்டித் தரச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் குரலைப் பதிவு செய்துகொண்டு, அரபி படித்த ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பேச்சு அரபியின் விளையாட்டும் உண்டு. வளைகுடாவில் பல இடங்களில் ஜ, ய ஆகிவிடும். குவைத்தின் தேசிய மலர் புத்தகத்தில் அர்ஃபஜ். அந்த ஊர்க்காரர் வாயில் அர்ஃபய். சொல் கிடைக்கவில்லையென்றால் ய இருக்கும் இடத்தில் ஜ வைத்து ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இரண்டாவது வேலை: மேல்தோலை உரியுங்கள்

முன்னால் "அல்" இருந்தால் தள்ளிவிடுங்கள். அப்புறம் வாலைப் பாருங்கள். அரபியில் செடி மரங்களின் பெயர் பெரும்பாலும் கூட்டத்தைக் குறிக்கும். கடைசியில் ஓர் ஆ ஒலி சேர்ந்தால் அதில் ஒன்றே ஒன்று. ஸித்ர் என்றால் இலந்தை இனம், ஸித்ரா என்றால் ஓர் இலந்தை மரம். தல்ஹ் ஒரு வேல மரம். அதில் ஒற்றை மரம் தல்ஹா. ஹன்ளல் நம்மூர்ப் பேய்க்குமட்டி. ஒற்றைக் கொடியோ காயோ ஹன்ளலா.

தல்ஹா, ஹன்ளலா இரண்டும் மனிதப் பெயர்களாகவும் உங்கள் காதில் விழுந்திருக்கும். நபித்தோழர்களில் தல்ஹா உண்டு, ஹன்ளலா உண்டு, ஸமுரா என்பவரும் உண்டு. மூன்றும் பாலைத் தாவரங்கள், மூன்றும் "ஒற்றை" வடிவம். பிள்ளைக்கு முள்மரத்தின் பெயரையும் கசப்புக் காயின் பெயரையும் வைத்த சமூகம் அது. பாலஸ்தீனக் கேலிச்சித்திரக்காரர் நாஜி அல் அலி 1969-இல் வரைந்த, முதுகைக் காட்டி நிற்கும் பையனின் பெயரும் இந்தப் பேய்க்குமட்டிதான்.

இனி 'குட்டி' வடிவம். ஹசனில் இருந்து ஹுசைன் வருகிறது அல்லவா? அந்த உ–ஐ இசை செடிப்பெயரில் கேட்டால், இன்னொரு சொல்லின் செல்லக் குட்டி அது. குப்ஸ் என்றால் ரொட்டி, வளைகுடாவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். குப்பைஸா என்ற கீரையின் காயைப் பிய்த்துப் பாருங்கள், சின்ன வட்ட ரொட்டி போலவே இருக்கும். பாலஸ்தீனத்தில் மழைக்காலம் வந்தால் இதைப் பறித்து வெங்காயம் வதக்கிச் சமைப்பார்கள்.

இந்தக் குட்டி வடிவத்தில் எனக்குப் பிடித்தது குவைஃப். காஃப் என்பது அமீரகத்தின் தேசிய மரம், நம்மூர் வன்னி மரமேதான். வெளியிலிருந்து வந்து அதைப் போலவே இலை விட்டு, தண்ணீரை உறிஞ்சி, ஊரெல்லாம் பரவிய முள்மரத்தைக் குட்டி காஃப் என்று பொருள்படக் குவைஃப் என்றார்கள். அது வேறு எதுவுமில்லை, நம் சீமைக் கருவேலம். நாம் தெரிந்த மரத்தின் பெயருக்கு முன்னால் சீமையை ஒட்டினோம். அவர்கள் தெரிந்த மரத்தின் பெயரைச் சுருக்கினார்கள்.

"உம்மு" (அம்மா), "அபூ" (அப்பா), "கஃப்" (உள்ளங்கை), "லிஸான்" (நாக்கு) என்று தொடங்கும் இரட்டைச் சொற்கள் எளிது; பொருள் வெளியிலேயே நிற்கும். ஹஜ் போய் வந்தவர்கள் கொண்டுவரும் மர்யம் பூ தெரியுமா? சுருண்டு காய்ந்த கைப்பிடி போல இருக்கும், தண்ணீரில் போட்டால் விரியும். அரபியில் கஃப் மர்யம், மர்யமின் உள்ளங்கை.

மூன்றாவது வேலை: மூன்று மெய்களைப் பிடியுங்கள்

அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்தின் மேல் நிற்கும். ஸலாம், இஸ்லாம், முஸ்லிம் எல்லாவற்றிலும் ஸ-ல-ம இருப்பதைப் போல. பழைய அகராதிகள் இந்த மூலத்தை வைத்தே அடுக்கப்பட்டவை. 13-ஆம் நூற்றாண்டில் இப்னு மன்ளூர் தொகுத்த லிஸானுல் அரப் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. செடி விவரம் அதில் கொட்டிக் கிடக்கிறது. அதற்கும் முன்பே, 9-ஆம் நூற்றாண்டில் அபூ ஹனீஃபா அத்-தீனவரி தாவரங்களுக்கென்றே பெரிய நூல் எழுதினார். அது முழுதாகக் கிடைக்காவிட்டாலும் பின்னால் வந்த அகராதிக்காரர்கள் அவரை வரிக்கு வரி எடுத்தாண்டிருக்கிறார்கள்.

மூலத்தைப் பிடித்த பிறகு பலரும் செய்கிற தவறு, செடியின் தோற்றத்தை அதில் தேடுவது. பூ என்ன நிறம், இலை என்ன வடிவம் என்று. பாலைப் பெயர்களில் அது பிறகுதான். இந்தப் பெயர்களை வைத்தவர்கள் ஒட்டகம் மேய்த்தவர்கள். செடியின் ருசி என்ன, கால்நடைக்கு ஆகுமா, தோல் பதனிட உதவுமா, அடுப்பில் நின்று எரியுமா என்றுதான் பார்த்தார்கள். அந்தக் கேள்விகளோடு போனால் மூலம் வாய் திறக்கும்.

முன்பு சொன்ன ஹ-ம-ள மூலத்தையே எடுத்துக்கொள்வோம். பொருள் புளிப்பு. நம்மூர்ச் சுக்காங்கீரை அரபுப் பாலையிலும் மழைக்குப் பின் முளைக்கும். ஒரு இலையைக் கிள்ளி மென்றால் பல் கூசும். பெயர் ஹும்மைள். குட்டிப் புளிச்சான் என்று சொல்லலாம். வேதியியல் பாடத்தில் அமிலத்துக்கும் ஹம்ள் என்றுதான் பெயர்.

மேய்ப்பர் பேச்சில் ஹம்ள் என்பது ரிம்த் போன்ற உப்புச் செடிகள் எல்லாவற்றுக்கும் பொது. உப்பில்லாத இனிப்பு மேய்ச்சலுக்குக் குல்லா என்று பெயர். "குல்லா ஒட்டகத்தின் ரொட்டி, ஹம்ள் அதன் பழம்" என்பது பழைய அரபு வழக்கு. ரொட்டியையே தின்று சலித்த ஒட்டகத்தை உப்புச் செடிப் பக்கம் ஓட்டிப் போவார்கள். இதிலிருந்து ஒரு வினைச்சொல்லே பிறந்தது. நபித்தோழர் இப்னு அப்பாஸ் குர்ஆன் விளக்கம் சொல்லிக் கூட்டம் களைத்துவிட்டால் "அஹ்மிளூ" என்பாராம். கொஞ்சம் ஹம்ள் மேயுங்கள், அதாவது கதை, கவிதை என்று பேச்சை மாற்றுங்கள் என்று பொருள். ஒரு மேய்ச்சல் சொல் பாடம் நடக்கும் இடத்துக்குள் நுழைந்த கதை இது. செடிப்பெயரைத் தேடிப் போனால் இப்படித்தான் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு மாலை முழுக்கப் போய்விடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லபன் (பால், மோர்) நீங்கள் தினமும் வாங்கிக் குடிப்பது. கிள்ளினால் பால் வடியும், நம் அம்மான் பச்சரிசியின் உறவுச் செடிகளுக்கு லுபைனா, உம்முல் லபன் போன்ற பெயர்கள் அதிலிருந்து வந்தவை. கஹீல் என்ற சிறு செடியின் வேரைச் சுரண்டினால் சிவப்புச் சாயம் வரும், பெதூயின் (பாலை நாடோடிகள்) பெண்கள் முகத்துக்குப் பூசினார்கள். பெயரில் கண்மையைக் குறிக்கும் குஹ்ல் ஒளிந்திருக்கிறது. ஸக்ரான் என்றால் போதையேறியவன். அந்தப் பெயரைத் தாங்கிய செடி கடும் நச்சு. பெயரே எச்சரிக்கிறது, கிட்டப் போகாதீர்கள்.

இனி ஒரு கண்ணி. மூன்று எழுத்து ஒத்துப்போனால் உடனே கதை கட்டத் தோன்றும். ஸம்ர் என்பது குடை விரித்தாற்போல நிற்கும் வேல மரம். ஸமர் என்றால் இரவில் உட்கார்ந்து பேசுவது. "இந்த மரத்தடியில் ராத்திரி கதை பேசினார்கள், அதனால் இந்தப் பெயர்" என்று யாராவது அழகாகச் சொல்வார்கள். பழைய நூல்களில் மரத்தின் பெயர் ஸமுர், உகரத்தோடு; இரவுப் பேச்சு வேறு வடிவம். எழுத்து ஒன்றாக இருப்பது மட்டும் சாட்சி ஆகாது.

சில நேரம் ஓட்டம் தலைகீழாகவும் இருக்கும். சொல்லிலிருந்து செடிக்குப் பெயர் வராது. செடியிலிருந்துதான் சொல் பிறக்கும். ஸலம் என்று ஒரு முள்மரம், அதே ஸ-ல-ம. அதைக்கொண்டு பதனிட்ட தோலுக்கு மஸ்லூம் என்று பெயர். அர்தா புதரால் பதனிட்ட தோல் மஃரூத். கரள் என்பது நம் கருவேல மரத்தின் காய், தோல் பதனிட முதல் தரம். குபா பள்ளிவாசலில் பாங்கு சொன்ன ஸஅத் என்பவர் கரள் வியாபாரம் செய்ததால் ஸஅத் அல் கரள் என்றே அழைக்கப்பட்டார். கரள் பறிக்கப் போய்த் திரும்பியே வராத இருவரைப் பற்றிப் பழமொழியும் உண்டு. "கரள் பறிக்கப் போனவர்கள் திரும்பும்போது பார்க்கலாம்" என்றால் அந்தக் காரியம் நடக்கவே நடக்காது. இந்த மாதிரிப் பெயர்களில் மரமே மூலம். அதற்கு அப்பால் தோண்டுவது வீண்.

ரதம் (தேர் இல்லை, வெள்ளைப் பூப் பூக்கும் பாலைப் புதர்) இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மறந்துவிடாமல் இருக்க விரலில் கட்டும் நூலுக்கு ரதீமா என்று பெயர். இஸ்லாத்துக்கு முந்தைய வழக்கம் ஒன்றை அகராதிகள் இங்கே சொல்கின்றன. பயணம் கிளம்புகிறவன் மரத்தின் இரண்டு கிளைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போவான். திரும்பி வரும்போது முடிச்சு அப்படியே இருந்தால் வீட்டில் மனைவி உண்மையாக இருந்தாள் என்று அர்த்தமாம். காற்றடித்து அவிழ்ந்த முடிச்சுகளால் எத்தனை பெண்கள் அடி வாங்கினார்களோ.

நான்காவது வேலை: அரபியே இல்லாத பெயர்களை ஒதுக்குங்கள்

மூன்று மெய்க்குள் அடங்காமல் நீளமாக இருந்தால், அல்லது மூலத்தில் எவ்வளவு தேடியும் பொருள் ஒட்டவில்லையென்றால், வெளியூர்ச் சொல்லாக இருக்கலாம். நர்ஜிஸ், பனஃப்ஸஜ், பாபூனஜ் மூன்றும் பாரசீகம். பஹ்ரைன், குவைத் பக்கம் இலந்தைப் பழத்துக்குக் கனார் என்பார்கள், அதுவும் பாரசீகம். நூல் அரபியில் அந்தப் பழம் நப்க்.

எகிப்தில் கருவேல மரத்துக்கு ஸன்த் என்று பெயர். பழைய எகிப்திய மொழியிலிருந்து, அதன் பிற்கால வடிவமான காப்டிக் வழியாக அரபிக்கு வந்த சொல். பிரமிடு கட்டியவர்கள் சொன்ன பெயரின் மிச்சத்தை இன்றைய விவசாயி வாயில் கேட்கலாம் என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்புதான்.

இன்னொரு வகை, உடை அரபி, உடம்பு கிரேக்கம். 9-ஆம் நூற்றாண்டு பாக்தாதில் கிரேக்க வைத்தியர் டயாஸ்கோரிடஸின் மூலிகை நூல் அரபிக்கு வந்தது. ஸ்தெஃபான் இப்னு பஸீல் மொழிபெயர்க்க, ஹுனைன் இப்னு இஸ்ஹாக் திருத்தினார். அரபுப் பெயர் இல்லாத செடிகளில் சிலவற்றுக்குக் கிரேக்கப் பெயரை அப்படியே வைத்தார்கள், சிலவற்றைச் சொல்லுக்குச் சொல் மாற்றினார்கள். ஆட்டுக்குட்டி நாக்கு (லிஸானுல் ஹமல்), மாட்டு நாக்கு (லிஸானுத் தவ்ர்), எலிக்காது (ஆதானுல் ஃபஃர்) எல்லாம் இந்த வழியில் வந்தவை. இவை வைத்தியர் வாயில் புழங்கும் பெயர்கள். மேய்ப்பரிடம் சொன்னால் விழிப்பார். நம் மருந்துக்கடை இஸப்கோல் இந்த ஆட்டுக்குட்டி நாக்கின் உறவு. அதன் பெயர் பாரசீகத்தில் குதிரைக் காது. நாக்கு, காது என்று ஆளாளுக்கு ஒரு உறுப்பு.

எதிர்த் திசையிலும் பெயர்கள் போயின. 1761-இல் கிளம்பிய டேனிஷ் பயணக் குழுவில் பேட்டர் ஃபோர்ஸ்கால் என்ற தாவரவியலாளர் இருந்தார். 1763-இல் ஏமனில் மலேரியா கண்டு இறந்தபோது அவருக்கு வயது 31. குழுவில் உயிரோடு ஊர் திரும்பிய ஒரே ஆளான கார்ஸ்டன் நீபூர் அவருடைய குறிப்புகளை 1775-இல் அச்சிட்டார். அவர் செடிகள் சிலவற்றுக்கு அரபுப் பெயரையே அறிவியல் பெயராக்கியிருந்தார். உப்பள ஓரத்து உமரிகளில் ஒரு இனத்துக்கு அறிவியல் பெயர் ஸுஎடா. அது அரபு ஸுவைத், குட்டிக் கறுப்பன். ஏமனில் மெல்லும் காத் இலையின் அறிவியல் பெயர் காதா. லத்தீன் பெயரைப் பார்த்துப் பயப்படாமல் உரக்கப் படித்துப் பாருங்கள், சிலதில் அரபி கேட்கும்.

ஐந்தாவது வேலை: சொன்னவர் எந்த ஊர்?

இதை நான் கற்றது ஒட்டகப் பட்டி ஒன்றில். அங்கே நின்ற மரத்தைக் காட்டி மேய்ப்பரிடம் பெயர் கேட்டேன். "ஸயால்" என்றார். புதுப் பெயர் கிடைத்த சந்தோஷத்தில் எழுதிக்கொண்டு, பட்டிக்காரப் பெரியவரிடம் போய், "யா அம்மி (பெரியப்பா), அந்த ஸயால் மரம்..." என்று தொடங்கினேன்.

"எது? ஸம்ரா? என் பாட்டன் காலத்திலிருந்து அது ஸம்ர்தான்."

மேய்ப்பர் சூடானைச் சேர்ந்தவர். எகிப்திலும் சூடானிலும் அந்த வேல மரம் ஸயால். வளைகுடாவில் இன்று ஒட்டகம் மேய்க்கும் பலர் சூடானிலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ வந்தவர்கள். அவர்கள் சொல்வது தப்பில்லை, அவர்கள் ஊர்ப் பெயர். பெயருக்குப் பக்கத்தில் சொன்னவரின் ஊரையும் எழுதாவிட்டால் உங்கள் நோட்டு சீக்கிரமே குப்பையாகிவிடும்.

இதைவிட ஆபத்தானது ஒரே பெயர், இரண்டு செடி. ஹர்மல் என்றால் மற்ற நாடுகளில் புகை போடும் ஒரு விதைச் செடி. அமீரகத்திலும் சவூதியின் பல பகுதிகளிலும் அந்தப் பெயரில் காட்டுவது அரளிக் குடும்பத்துச் செடி ஒன்றை. இரண்டுமே நஞ்சு. ஒன்றின் மருத்துவக் குறிப்பை இணையத்தில் படித்துவிட்டு மற்றதைக் கொதிக்க வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பெயரை மட்டும் நம்பி எதையும் வாயில் வைக்காதீர்கள். குஸாமா என்றால் நூலில் லாவெண்டர்; அரேபிய மணலில் குஸாமா என்று காட்டப்படுவது கடுகுக் குடும்பத்து ஊதாப் பூ. 2021-இல் சவூதி அரசு விருந்தினருக்கு விரிக்கும் சிவப்புக் கம்பளத்தை ஊதாவாக மாற்றியது இந்தப் பாலைப்பூ நிறத்தை நினைத்துத்தான்.

குர்ஆனிலும் இந்தச் சிக்கல் உண்டு. 56-ஆம் அத்தியாயத்தில் அடுத்தடுத்த வசனங்களில் ஸித்ரும் தல்ஹும் வருகின்றன. ஸித்ர் இலந்தை. தல்ஹ் என்பதற்கோ விரிவுரையாளர்கள் பலர் வாழை என்று பொருள் சொன்னார்கள், தமிழ் மொழிபெயர்ப்புகளும் வாழை என்றே எழுதுகின்றன. பாலைவனத்தில் ஒருவர் தல்ஹ் என்று கைகாட்டினால் அங்கே வாழை இருக்காது, முள் இருக்கும்.

எங்கே தொடங்குவது?

பாலைவனத்துக்குள் போக வேண்டாம். இந்த வெள்ளிக்கிழமை உங்கள் கேம்ப்பைச் சுற்றியோ பூங்காவிலோ நான்கைத் தேடுங்கள்: காஃப், குவைஃப், ஸித்ர், உஷர். கடைசியது நம் எருக்கு. காலி மனையில் எங்காவது நிற்கும், பாலில் கை வைக்காதீர்கள். நோட்டில் ஒரு செடிக்கு ஒரு பக்கம். மேலே அரபு எழுத்தில் பெயர், அடியில் நீங்கள் கேட்ட ஒலி தமிழில், சொன்னவர் எந்த ஊர், இடம், தேதி, ஒரு படம். மூலம் என்று நீங்கள் நினைப்பதைப் பென்சிலில் எழுதுங்கள், பேனாவில் வேண்டாம்.

ஊர்க்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் பெயரைக் கேட்டதோடு விடாமல் இன்னொன்றும் கேளுங்கள்: "இதை ஒட்டகம் தின்னுமா?" நான் கேட்டபோது அந்தப் பட்டிக்காரப் பெரியவர் காஃபுக்குத் தலையாட்டினார், ஸித்ருக்கும் தலையாட்டினார், எருக்கைப் பார்த்துக் கையை உதறினார். பிறகு அரை மணி நேரம் அவரே பேசிக்கொண்டிருந்தார்.